65 எபிசோடில் முடியும் கதைக்கு அமெரிக்கப் பகல்நேரத்தில் இடம் உண்டா?

வாசகியின் கடிதம்

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவருடைய தோழியும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு தினசரித் தொடர் எழுதுகிறார்கள். சிறுநகர் ஒன்றில் இருக்கும் ஒரே மருத்துவமனையை மூடப்போகிறார்கள். அதை நம்பிப் பிழைக்கும் மூன்று குடும்பங்களின் கதை இது. அதில் ஒன்று தமிழ்க் குடும்பம். வாரம் ஐந்து நாள், 13 வாரம், அரை மணி நேரம் வீதம் 65 எபிசோட். கடைசி வெள்ளிக்கிழமை மருத்துவமனையின் கதவு சாத்தப்படும், கதையும் முடிந்துவிடும். அடுத்த திங்கள் வேறொருவர் எழுதிய வேறு கதை அதே நேரத்தில் தொடங்கலாம் என்பது அவர் எண்ணம்.

'சோப்' எனப்படும் அமெரிக்கப் பகல்நேர நெடுந்தொடர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு, முடிவில்லாமல் இழுத்ததுதான் காரணம் என்பது அவர் கட்சி. கொரியத் தொடர்கள் 16 எபிசோடில் முடிகின்றன, உலகமே பார்க்கிறது. சின்னத் தொடர் என்றால் செலவும் குறைவு. இதை அமெரிக்காவில் யாரும் முயன்றதில்லை என்கிறார். இதற்கிடையே லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம் இவர்களுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது: 1 டாலர் கொடுத்து, கதை 18 மாதம் தங்களுக்கு மட்டும் என்ற தனியுரிமை, மீதி 60 எபிசோடையும் ஆறு மாதத்தில் எழுதித் தர வேண்டும், தொடர் விற்றால்தான் பணம். எழுதியதைத் தபால் உறையில் போட்டுத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். அவருக்கு எச்-4 என்ற துணைவர் விசாவும் வேலை அனுமதி அட்டையும் உண்டு. தோழி எச்-1பி விசாவில் ஐடி வேலையில் இருக்கிறார். கதை எடுபடுமா, கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்.

என் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முடிவுள்ள தொடர் அங்கே எடுபடலாம். ஆனால் நீங்கள் வகுத்திருக்கும் வடிவத்தில் எடுபடாது என்பது என் கருத்து. உங்கள் திட்டத்தில் 13 வாரத்துக்கு ஒருமுறை கதை, ஊர், முகங்கள் எல்லாமே மாறுகின்றன. பகல்நேரப் பார்வையாளர் கதை முடிவதைப் பொறுத்துக்கொள்வார். பழகிய ஊரும் மனிதர்களும் ஒரேயடியாகக் காணாமல் போவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

இழுத்ததால் சாகவில்லை

வானொலியில் 1937-இல் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து 2009 செப்டம்பர் வரை ஓடியது. 72 ஆண்டு ஓடிய ஒன்றை 'முடியாமல் இழுத்ததால் தோற்றது' என்று சொல்ல முடியாது. 1970 வாக்கில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று நெட்வொர்க்குகளிலும் சேர்த்து ஒன்றரை டஜனுக்கும் மேற்பட்ட சோப்கள் ஓடின. அவையும் முடிவில்லாதவைதான்.

பிறகு பகலில் வீட்டில் இருந்த பெண்கள் வேலைக்குப் போனார்கள். கேபிள் வந்தது. 1995-இல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் நேரலை மாதக்கணக்கில் பகல் நேரத்தைத் தின்றது. அப்போது விட்டுப்போனவர்களில் பலர் திரும்பவில்லை. கடைசி அடி செலவுக் கணக்கில் விழுந்தது. 'கைடிங் லைட்' இருந்த இடத்துக்கு 'லெட்ஸ் மேக் எ டீல்' என்ற பரிசுப் போட்டி வந்தது. 2010-இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' முடிந்ததும் 'த டாக்' என்ற அரட்டை நிகழ்ச்சியும், 2011-இல் 'ஆல் மை சில்ட்ரன்' முடிந்ததும் 'த சூ' என்ற சமையல் நிகழ்ச்சியும் வந்தன. நாலு பேர் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரத்துக்கு எழுத்தாளர் குழுவும் முப்பது நடிகர்களும் பத்து செட்டும் தேவையில்லை. உங்கள் தொடர் போட்டி போட வேண்டியது அந்த மாதிரி அரட்டை மேசையோடுதான்.

இடமும் சுருங்கிவிட்டது. என்பிசி தன் கடைசி சோப்பான 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரை 2022 செப்டம்பரில் பீகாக் ஸ்ட்ரீமிங்குக்கு மாற்றிவிட்டு அந்த நேரத்தில் செய்தி போடுகிறது. ஏபிசியிடம் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' மட்டும் இருக்கிறது. சிபிஎஸ்ஸிடம் 'த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்', அரை மணி நேர 'த போல்ட் அண்ட் த பியூட்டிஃபுல்', 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய 'பியாண்ட் த கேட்ஸ்' ஆகிய மூன்றும் உண்டு. எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்றரை மணி நேரம். 1999-இல் வந்த 'பேஷன்ஸ்' தொடருக்குப் பிறகு நெட்வொர்க் பகல் நேரத்துக்கு ஒரு புது சோப் வர 26 ஆண்டு ஆனது. அதற்கும் சிபிஎஸ்ஸின் சொந்த ஸ்டூடியோ, கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்போடு கூட்டு, நுகர்பொருள் நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள் என்று மூன்று தோள்கள் தேவைப்பட்டன. உங்களைத் தளரவைக்க இதைச் சொல்லவில்லை. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முயன்றிருக்கிறார்கள், அதுவும் பலமுறை

நீங்கள் முதலில் படிக்க வேண்டிய முன்மாதிரி 'போர்ட் சார்ல்ஸ்'. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரிலிருந்து கிளைத்து 1997-இல் ஏபிசியில் வந்த அரை மணி நேர சோப் அது. ரேட்டிங் தள்ளாடியதால் 2000 இறுதியில், லத்தீன் அமெரிக்காவின் முடிவுள்ள தினசரித் தொடரான டெலிநோவெலாவின் பாணிக்கு மாறினார்கள். ஏறத்தாழ 13 வாரத்துக்கு ஒரு 'புத்தகம்', ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு. ஆனால் ஊர் அதேதான், நடிகர்களும் பெரும்பாலும் அவர்களேதான். ஒரு புத்தகத்தில் ஏற்பட்ட காயம் அடுத்த புத்தகத்தில் தழும்பாகத் தெரியும். அந்த வடிவத்தில் 2003 அக்டோபர் வரை தாக்குப்பிடித்தது. அதில் வந்த ரத்தக்காட்டேரிக் கதைகள் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ரேட்டிங்கும் கடைசிவரை ஏறவில்லை. இருந்தாலும் 13 வாரக் கதையைப் பகல்நேரப் பார்வையாளர்கள் பின்தொடர்வார்கள் என்பதற்கு அமெரிக்காவில் இருக்கும் நேரடி ஆதாரம் இதுதான்.

எதிர் உதாரணம் மைநெட்வொர்க்டிவி. 2006 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய அந்தப் புது நெட்வொர்க் மாலை முதன்மை நேரம் முழுவதையும் ஆங்கில டெலிநோவெலாக்களுக்கே கொடுத்தது. 'டிசையர்', 'ஃபேஷன் ஹவுஸ்' இரண்டும் வார நாட்களில் தினம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை அந்த வாரத்தின் சுருக்கம், 13 வாரத்தில் 65 எபிசோட். நீங்கள் சொல்லும் அதே எண்ணிக்கை. 13 வாரம் முடிந்ததும் இரண்டும் மறைந்து புது ஊர், புது முகங்களோடு அடுத்த ஜோடி வந்தது. பார்வையாளர் எண்ணிக்கை தொடக்கத்திலேயே குறைவு. ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தக் கொஞ்சத்தையும் புதிதாகத் திரட்ட வேண்டியிருந்தது. 2007 வசந்தத்தில் மூன்றாவது ஜோடி வந்தபோது நாட்களைக் குறைத்துவிட்டார்கள். அதோடு அந்த முயற்சி முடிந்தது. சேனலே புதிது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் எல்லாவற்றையும் 13 வாரத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டுத் தொடங்குவது எவ்வளவு செலவு பிடிக்கும் பழக்கம் என்பதை அது காட்டிவிட்டது.

'அப்படியானால் பிரேசிலிலும் மெக்சிகோவிலும் எப்படி நடக்கிறது?' என்று கேட்பீர்கள். குளோபோவும் டெலிவிசாவும் சேனலையும் ஸ்டூடியோவையும் தாங்களே வைத்திருக்கிறார்கள். ஒரு கதையில் வில்லியாக வந்தவர் அடுத்த கதையில் தாயாக வருவார். அங்கே பார்வையாளரின் விசுவாசம் 'ஒன்பது மணி நாவல்' (இரவு ஒன்பது மணித் தொடர்) என்ற நேரத்தின் மேல். அமெரிக்காவிலேயே யூனிவிசியோன், டெலிமுண்டோ இரண்டும் பல பத்தாண்டுகளாக முடிவுள்ள தினசரித் தொடர்களை ஸ்பானிஷில் வெற்றிகரமாக ஓட்டுகின்றன. அவற்றில் முக்கியமானவை மாலை நேரத்தில்தான். ஆங்கிலப் பகல்நேரத்தில் விசுவாசம் நேரத்தின் மேல் இல்லை, தொடரின் மேலும் அதன் குடும்பங்களின் மேலும் இருக்கிறது. பாட்டி பார்த்ததைப் பேத்தியும் பார்க்கிறாள் என்பதே அதன் மூலதனம். கொரிய உதாரணமும் இங்கே பொருந்தாது. வாரம் இரண்டு இரவு, எபிசோடுக்கு ஒரு மணி நேரம், பெரிய பட்ஜெட் என்று அது வேறு தொழில்.

இன்னும் இரண்டு முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீகாக் 2021 செப்டம்பரில் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்: பியாண்ட் சேலம்' என்று ஐந்தே எபிசோட் கொண்ட கிளைத் தொடரை வெளியிட்டு, 2022 ஜூலையில் இரண்டாம் பாகமும் கொண்டுவந்தது. பழகிய பாத்திரங்கள் இருந்ததால் அது சாத்தியமானது. இன்னொன்று பிராஸ்பெக்ட் பார்க் நிறுவனத்துடையது. 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டையும் 2013 ஏப்ரல் 29 முதல் இணையத்தில் உயிர்ப்பித்தார்கள். வாரத்துக்கு நான்கு எபிசோட் போட்டுச் சில வாரங்களிலேயே இரண்டாகக் குறைத்தார்கள். இணையத்தில் பார்ப்பவர்கள் அன்றன்றைக்குப் பார்க்காமல் பின்தங்கிக்கொண்டே போனார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தொழிற்சங்கத் தகராறும் வழக்கும் சேர்ந்து நிறுவனம் 2014-இல் திவால் மனு போட்டது.

சின்னத் தொடர் மலிவு அல்ல

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். நிரந்தர செட்டுகளுக்கு 20 லட்சம் டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 எபிசோடில் பிரித்தால் ஒன்றின் தலையில் சுமார் 30,770 டாலர் விழும். ஆண்டுக்கு 250 வீதம் ஐந்து ஆண்டு ஓடும் சோப்பில் அதே செலவு எபிசோடுக்கு 1,600 டாலர். நடிகர் தேர்வு, உடை, தலைப்பு இசை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதோடு சோப் யூனிட்டின் வேகம் பழக்கத்தில் வருவது. ஒரே நாளில் நூறு பக்கத்துக்கு மேல் எடுக்கும் யூனிட்டுகள் உண்டு. பல கேமராக்கள், பெரும்பாலும் ஒரே டேக். இந்த ஓட்டம் பிடிபட ஒரு புது யூனிட்டுக்குச் சில வாரங்கள் ஆகும். அது பிடிபடும் நேரத்தில் உங்கள் படப்பிடிப்பு முடிந்துவிடும்.

நீங்கள் அனுப்பியிருந்த முதல் வாரப் பிரதியில் செவ்வாய்க்கிழமை எபிசோடைப் பாருங்கள். விளம்பரம் போகக் கிடைப்பது ஏறத்தாழ 20 நிமிடம். அதில் 11 இடங்கள் வருகின்றன. இரண்டு வெளிப்புறம், ஒன்றில் இரவு, மழை, கார் நிறுத்துமிடம். அந்த இரண்டு பக்கக் காட்சி மட்டும் ஒரு யூனிட்டின் அரை நாளைத் தின்றுவிடும். தலைமை நர்சும் மகனும் அங்கே பேசுவது அருமையான வசனம், அதை விட்டுவிடாதீர்கள். ஊழியர் ஓய்வறைக்கு மாற்றுங்கள். சன்னலில் மழை வழியட்டும், மகனின் தோள் நனைந்திருக்கட்டும். எபிசோடுக்கு நான்கு செட், தொடர் முழுக்க எட்டு நிரந்தர செட் என்று கட்டுப்படுத்திக்கொண்டால் உங்கள் பிரதியைப் படிக்கும் தயாரிப்பு மேலாளர் பாதியில் மூடிவைக்க மாட்டார்.

முடிவு இருப்பதால் கிடைக்கும் அனுகூலங்களும் உண்மையானவை. அவற்றைத் தயங்காமல் சொல்லி விற்கலாம். பகல்நேர ஒப்பந்த நடிகர்கள் வழக்கமாகப் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படுகிறார்கள். 13 அல்லது 26 வாரத்துக்கு ஒருமுறை விலக்கும் உரிமை தயாரிப்பாளருக்கு மட்டும் உண்டு. 13 வாரம் மட்டும் என்றால் அந்த நீண்ட கட்டுக்கு வராத பெயர் பெற்ற நடிகர்கள் வரக்கூடும். வெளிநாட்டு விற்பனையிலும் முழுதாக முடிந்த 65 எபிசோட் வாங்குபவருக்கு வசதியான பொட்டலம். ஸ்ட்ரீமிங் வருவதற்கு முன் பழைய சோப் எபிசோடுக்குப் பெரிதாக மறுமதிப்பு கிடையாது. ஐயாயிரமாவது எபிசோடிலிருந்து யாரும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். முதல் எபிசோடும் கடைசி எபிசோடும் உள்ள தொடருக்கு அந்தச் சிக்கல் இல்லை. உங்கள் பலமான வாதம் இதுதான், கடிதத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

எப்படி மாற்றிக் கொண்டுபோவது

65 எபிசோடை முதல் புத்தகம் என்று வையுங்கள். மருத்துவமனை மூடட்டும், அந்த முடிவை நீர்த்துப்போக விடாதீர்கள். ஆனால் ஊரும் மூன்று குடும்பங்களும் இருக்கட்டும். இரண்டாம் புத்தகத்தில் அந்தக் கட்டடத்தை யார் வாங்குகிறார், வேலை போன நர்சுகள் எங்கே போகிறார்கள் என்று தொடங்கலாம். செட்டில் பாதி மறுபடி பயன்படும்; நடிகர்களில் ஆறு பேரையாவது இரண்டாம் புத்தகத்துக்கும் அழைக்கும் உரிமையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கலாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் முடிவு, எல்லாவற்றுக்கும் ஒரே ஊர்.

நாட்காட்டியையும் கவனியுங்கள். ஜனவரியில் தொடங்கினால் 13 வாரம் மார்ச் இறுதியைத் தொடும். சிபிஎஸ்ஸில் மார்ச் மாதத்தில் சில பகல்களைக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி எடுத்துக்கொள்ளும். இலையுதிர்காலத்தில் தொடங்கினால் நன்றி தெரிவிக்கும் நாள் குறுக்கே வரும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சரியாக 13 வாரம் கிடைக்கும், மாணவர்கள் வீட்டில் இருப்பார்கள். சோப்கள் இளைஞர் கதைகளைக் கோடையில் வைத்ததும் அதனால்தான். அப்போதும் திடீர்ச் செய்தி நேரலை எந்த நாளையும் விழுங்கலாம். முடிவில்லாத சோப்புக்கு ஒரு நாள் போனால் பெரிய நஷ்டமில்லை. உங்களுக்கோ இறுதி எபிசோடின் தேதியே நகர்ந்துவிடும். ஆகவே 63 எபிசோடில் கதையை முடித்து, வெட்டினாலும் கதை குலையாத இரண்டைத் தனியே வையுங்கள்.

தினமும் பார்ப்பவர்களை மட்டும் நம்பி எழுதாதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்ப்பவரும் தொடர முடிகிற மாதிரிதான் சோப் காலங்காலமாக எழுதப்படுகிறது. திங்களன்று நடந்ததைப் புதனன்று வேறொரு பாத்திரம் வேறொரு கோணத்தில் பேசும். உங்கள் பிரதியில் இது அறவே இல்லை. செவ்வாயைத் தவறவிட்டவருக்கு வெள்ளி புரியாது.

நெட்வொர்க்கிடமோ ஸ்ட்ரீமிங் நிறுவனத்திடமோ கொண்டுபோக வேண்டியது 65 வசனப் பிரதி அல்ல. 12 முதல் 15 பக்கத்தில் கதைக் கையேடு. 13 வாரத்துக்கும் மூன்று கதை இழைகள் எங்கே ஏறி எங்கே இறங்குகின்றன என்று காட்டும் அட்டவணை. முதல் வாரத்தின் ஐந்து முழுப் பிரதிகள். ஏழாவது வாரத்துக்கு நாள்வாரிக் காட்சிப் பிரிப்பு. செட், நடிகர் பட்டியல். ஏழாவது வாரத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தையும் முடிவையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். நடுவில் கதை தொங்குகிறதா என்றுதான் படிப்பவர் தேடுவார்.

அந்த ஒப்பந்தம்

இப்போதுள்ள வடிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1 டாலர் என்ற தொகை தன்னளவில் மோசடி அல்ல. ஒரு தயாரிப்பாளர் உங்கள் கதையை எடுத்துச் சென்று காட்ட அனுமதி கேட்கும் ஷாப்பிங் ஒப்பந்தத்தில் பணம் கைமாறாமலே இருப்பதுண்டு. ஆனால் அந்த வகை ஒப்பந்தத்தில் உரிமையும் கைமாறாது. உங்களுக்கு வந்திருப்பதில் ஷாப்பிங் ஒப்பந்தத்தின் விலையும் முழு விற்பனையின் நிபந்தனைகளும் கலந்திருக்கின்றன.

காலம் 18 மாதம் மிக அதிகம். ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுங்கள். ஒரு நெட்வொர்க்கோ ஸ்டூடியோவோ எழுத்தில் ஆர்வம் தெரிவித்து, பேச்சு நடந்துகொண்டிருந்தால் மட்டும் இன்னொரு ஆறு மாதம். மீதி 60 எபிசோடை இலவசமாக எழுதும் விதியை அடித்துவிடுங்கள். அந்த நிறுவனம் அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதா என்று கில்டிடமே கேட்கலாம். கையெழுத்திட்ட நிறுவனம் இப்படிச் சம்பளமில்லாமல் எழுதச் சொல்லக் கூடாது. கையெழுத்திடாத நிறுவனம் என்றால் குறைந்தபட்ச ஊதியப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அப்போது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே கைகொடுக்கும்.

ஒப்பந்தத்தில் உள்ள 'எல்லா எழுத்தும் ஒர்க் மேட் ஃபார் ஹயர்' (கூலிக்குச் செய்து தந்த படைப்பு) என்ற வரி சிறியதாகத் தெரிந்தாலும் கனமானது. ஏற்கெனவே எழுதி முடித்த ஐந்து பிரதிகளைப் பின்னோக்கி அப்படி ஆக்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் வழியில்லை; அவற்றை எழுத்து மூலம் மாற்றித்தான் தர முடியும். வித்தியாசம் என்னவென்றால், எழுதியவர் மாற்றித் தந்த உரிமையை 35 ஆண்டுக்குப் பிறகு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெறச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒர்க் மேட் ஃபார் ஹயர் என்றால் சட்டப்படி எழுத்தாளர் நீங்களே அல்ல, நிறுவனம்தான். 35 ஆண்டு கழித்தும் ஒன்றும் திரும்பாது. தொடர் விற்று, நீங்கள் சம்பளத்துக்கு எழுதத் தொடங்கினால் அந்தப் புது எபிசோடுகளுக்கு இந்த விதி வருவது தொழில் வழக்கம், அதை எதிர்த்துப் பயனில்லை. மூலக் கதைக்கும் முதல் ஐந்து பிரதிக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலம் முடிந்து கதை திரும்பும்போது 'எங்கள் ஆலோசனையால் வந்த மாற்றம் எங்களுக்குச் சொந்தம்' என்று நிறுவனம் கொக்கி போடவும் இடம் விடாதீர்கள்.

தபால் உறையும் பதிவும்

உங்களுக்கே அனுப்பிக்கொண்ட பதிவுத் தபால் பதிப்புரிமைப் பதிவுக்கு ஈடாகாது. எழுதிய கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கப் படைப்புக்கு வழக்குப் போட வேண்டுமானால் முதலில் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மீறல் நடப்பதற்கு முன்பே பதிவு செய்திருந்தால்தான், வெளியாகாத படைப்புக்குச் சட்டம் நிர்ணயித்த இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் கேட்க முடியும். வெளியாகாத படைப்புகள் பத்து வரை ஒரே விண்ணப்பத்தில் பதியலாம்; இப்போதைய கட்டணம் 85 டாலர். எல்லாவற்றையும் ஒரே இருவர் எழுதியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கதைக் கையேடும் ஐந்து பிரதியும் சேர்த்து ஆறு. இந்த வாரமே செய்துவிடலாம்.

'13 வாரத்தில் முடியும் பகல்நேரத் தொடர்' என்ற யோசனையை எந்தப் பதிவாலும் காக்க முடியாது. சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை மட்டும். யோசனைக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. பயன்படுத்தினால் பணம் தர வேண்டும் என்ற புரிதலோடு காட்டப்பட்ட யோசனையைப் பயன்படுத்தினால் அது சொல்லாமல் சொன்ன ஒப்பந்தமாகலாம் என்று 1956-இல் டெஸ்னி எதிர் வைல்டர் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பிரதியைப் படிக்கும் முன் நிறுவனங்கள் நீட்டும் விடுவிப்புப் படிவத்தில் இந்த உரிமையைத்தான் கைவிடச் சொல்வார்கள். படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

தோழியின் விசா

நீங்கள் லேசாகத் தொட்டுச் சென்றிருக்கும் இந்த விஷயத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். செல்லுபடியாகும் வேலை அனுமதி அட்டை இருக்கும்வரை நீங்கள் எழுதிச் சம்பாதிக்கத் தடையில்லை. அட்டையின் தேதியை மட்டும் ஒப்பந்தக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோழியின் நிலை வேறு. எச்-1பி அவரைத் தன் நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்ய அனுமதிக்கிறது. தயாரிப்பாளர் கேட்டபடி திருத்தி எழுதுவது இன்னொருவருக்குச் செய்யும் வேலை. பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாலும், உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ வாங்கினாலும் வேலை வேலைதான். அது அவருடைய கிரீன் கார்டு வரை பாதிக்கலாம். ஓய்வு நேரத்தில் ஏற்கெனவே எழுதி முடித்த பிரதியின் உரிமையை விற்று வரும் பணம் வேறு வகையில் பார்க்கப்படலாம். அது குடிவரவு வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. கையெழுத்துக்கு முன் தோழி அப்படி ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்கட்டும். அவருடைய ஐடி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் படைப்புரிமை பற்றிய விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் இருவருக்கும் இடையே ஒரு தாள்கூட இல்லை என்கிறீர்கள். கூட்டுப் படைப்பாளிகளில் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே தனியுரிமை இல்லாத அனுமதியை யாருக்கும் கொடுக்கலாம். வருமானத்தில் பங்கு தந்தால் போதும். தனியுரிமை கொடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். யார் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன, விசா காரணமாக ஒருவரால் தொடர்ந்து எழுத முடியாவிட்டால் 'உருவாக்கம்' என்ற பெயர் வரியில் அவர் இருப்பாரா என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். ரைட்டர்ஸ் கில்டில் இதற்கான மாதிரிப் படிவம் கிடைக்கும்.

நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் வேண்டாம், பதில் வரைவு அனுப்புங்கள். ஒன்பது மாதம், புது எழுத்துக்குச் சம்பளம், மூல உரிமை உங்களிடம், காலம் முடிந்ததும் கொக்கியில்லாமல் திரும்புதல் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். ஐந்தாவதாக, யார் யாரிடம் காட்டினார்கள் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். ஒரு நெட்வொர்க் ஒருமுறை மறுத்த கதையை வேறு தயாரிப்பாளர் மறுபடி அங்கே கொண்டுபோவது கடினம். எந்தெந்தக் கதவுகள் தட்டப்பட்டன என்பது தெரியாமல் கதை திரும்பி வந்தால் அதை அடுத்தவரிடம் கொடுக்க முடியாது. மற்றவற்றில் பேரம் பேசலாம். அந்தப் பட்டியலைத் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.